தரையைப் பார்த்த கேமரா

வீடியோ எடுக்கிறவர்கள் கேமராவைக் கீழே கவிழ்த்தே ஆகவேண்டிய நேரம் ஒன்று உண்டு. நீங்கள் படித்துவிட்டு வந்த பயிற்சியில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கைபேசியில் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஏனென்றால் அப்படிக் கவிழ்த்து எடுத்த காட்சியை யாரும் எங்கேயும் போட்டுக் காட்டுவதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்க்கும் வேலைக்குப் போனேன். பிறகு எடிட்டிங், பிறகு கேமரா என்று அதே கடையில் காலம் போய்விட்டது. இப்போது அந்தத் தொழிலில் இல்லை. புதிதாகக் கேமரா பிடிக்கிற உங்கள் கூட்டத்துக்கு வந்து அனுபவத்தைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

சாவு விழுந்த கேத வீட்டில் எதற்கு வீடியோ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டி வேலையில் இருக்கிறார். தாய் செத்தாள் என்று போன் வந்ததும் எல்லோராலும் விமானம் ஏறிவிட முடிவதில்லை. அப்படி வர முடியாத பிள்ளைகளுக்காகத்தான் கேதத்துக்கும் கேமரா வந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுகிற இடத்துக்குள் ஆண் கேமராக்காரர் போனால் முகம் சுளிப்பார்கள். அதனால் என்னை அனுப்பினார்கள். என் கூச்சம் எனக்கு உதவியாக இருந்த ஒரே இடம் அதுதான். அழுகிற வீட்டில் வாய் திறக்காதவளை யாரும் வெறுப்பதில்லை.

முதல் முறை போனது உத்தரகோசமங்கைப் பக்கம் ஒரு ஊர். இறந்த பெண்ணைக் குளிப்பாட்டப் போனார்கள். நாலு பேர் சேலையைத் திரையாகப் பிடித்தார்கள். நான் ஒன்றும் தெரியாமல் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். ஒரு அம்மா லென்சின் மேல் ஈரக் கையை வைத்து அழுத்தினார்.

“ஏத்தா, இதையுமா புடிப்ப? ஒன் ஆத்தாளக் குளிப்பாட்டையில ஊரு பாத்தா ஒத்துக்குவியா? கீழ போடு அந்தக் கருமத்த.”

கீழே போட்டேன், லென்ஸ் தரையைப் பார்க்க. அன்றோடு புரிந்துவிட்டது. திரை பிடிக்கிற பெண்கள் வெளிப்பக்கம் பார்த்து நிற்பார்கள். ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். கேமராவும் அப்படித்தான் திரும்ப வேண்டும். அதற்கு முதுகு கிடையாது, அதனால் தரையைப் பார்க்க வேண்டும். ஆனால் நான் பதிவை நிறுத்த மாட்டேன். அழுகைச் சத்தம் அறுபடாமல் ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். எடிட்டிங்கில் உட்காரும்போது அந்த இடத்தில் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, படத்துக்கு எரிகிற விளக்கையோ சாத்திய மாலையையோ வைப்பேன். தூர தேசத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்குத் தன் தாய்க்கு என்ன நடக்கிறது என்று தெரியும். தெரியக்கூடாதது தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஈரக் கை சொல்லித்தந்ததோடு சரி.

பிறகு கடைக்கு அந்த சாஃப்ட்வேர் வந்தது.

நான் அதைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல வசதிதான். எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். ஆடுகிற காட்சி, மங்கலான காட்சி, இருட்டு, திரும்பத் திரும்ப வருகிற காட்சி எல்லாவற்றையும் அதுவே வெட்டும். தலைப்புப் போடும், இசை சேர்க்கும், அப்லோட் செய்யும், வீட்டுக்காரர்களின் வாட்ஸப்புக்கு லிங்க் அனுப்பும். அனுப்பி முடித்ததும் இடம் அடைக்காமல் இருக்க மூலப் பதிவை அழித்துவிடும். முன்பு கழுத்து வலிக்க உட்கார்ந்து நான் செய்த வேலை, டீ குடித்து வருவதற்குள் முடிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கழுத்துக்குச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அது வெட்டுகிற காட்சிகளில் தரையும் ஒன்று. கேமராவை அணைக்க மறந்து தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் ஏராளம். அதனால் தரை தெரிந்தால் அது வீண் காட்சி என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அது சரி. கேதத்துக்கு?

முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னேன்.

“கேதத்து வீடியோவ மட்டும் நான் ஒரு தடவ பாத்துட்டு விடவா? இல்லாட்டி அழிக்கிறத மட்டும் நிறுத்தி வைங்க. கீழ போட்ட இடத்துல சத்தம் இருக்கும்.”

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அக்கா, ஒங்களுக்கு சாஃப்ட்வேர் மேல பொறாம.”

“பொறாம எல்லாம் இல்ல.”

“பின்ன? வெளிநாட்டுல இருக்கவன் லீவு போட்டுட்டு ஒங்க தரையப் பாக்க ஒக்காந்திருக்கானாக்கும்? பொணத்த எடுக்கங்குள்ள லிங்க் வரணும்னுதான் கேக்குறான். நீங்க ஒக்காந்து பாத்தா பால் ஊத்துற அன்னைக்குத்தான் வரும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு என் நாற்காலிக்குப் போனேன். பேசத் தெரியாதவர்கள் சிரித்து வைப்பது வழக்கம்.

அதன் பிறகு வந்ததுதான் மாரியம்மாள் கேதம்.

மாரியூருக்கு உள்ளே தள்ளி, விவசாயம் பார்க்கிற சம்சாரிகளின் ஊர். மாரியம்மாள் அங்கே வாழ வந்தவர். பிறந்த வீடு சிக்கல் பக்கம். ஒரே தம்பி, முனியசாமி. மிளகாய் போடுகிற சின்னச் சம்சாரி. மாரியம்மாளின் மகன் கார்த்திக் வளைகுடாவில் வேலையில் இருந்தான். முனியசாமியின் மகள் செல்வியை அவனுக்குப் பேசி முடித்துப் பூவும் வைத்திருந்தார்கள். அடுத்த விடுமுறைக்கு அவன் வந்ததும் கல்யாணம் என்று இருந்தது. அதற்குள் மாரியம்மாள் நெஞ்சு வலியில் போய்விட்டார். கார்த்திக்கால் அன்றைக்கு வர முடியவில்லை. லைவ் போடலாம் என்றால் அந்த ஊரில் சிக்னல் நிற்கவில்லை. பதிவு செய்து, கடைக்கு வந்து லிங்க் அனுப்புவதாக ஏற்பாடு.

உங்களில் சிலருக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்றால் தெரியாமல் இருக்கலாம். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் உடன்பிறந்தவன் வீட்டிலிருந்து புதுச் சேலை வரவேண்டும். மற்றச் சம்பந்திகள் கொண்டுவரும் சேலைகளை மேலே சாத்துவார்கள். உடுத்திவிடுவது பிறந்த வீட்டுச் சேலையைத்தான். அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். அது வரவில்லை என்றால் அவளுக்கு நாதியில்லை என்று பொருள். கோடி போடாத வீட்டோடு அதன் பிறகு கொள்வினை கொடுப்பினை கிடையாது.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் நீர்மாலைக்காக ஆண்கள் எல்லோரும் மேளத்தோடு ஊருணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முனியசாமியும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பஸ் கிடைக்காமல் தாமதம். முனியசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அழுதபடியே நேராக ஆண்கள் கூட்டத்தோடு சேர்ந்து ஊருணிக்கு நடந்தார். கேமராவில் அது நன்றாக விழுந்தது. இரண்டு கையும் வெறுங்கை. தட்டு பஞ்சவர்ணத்தின் கையில் இருந்தது. அவர் ஆட்டோவுக்கு அந்தப் பக்கமாக இறங்கிக் கொல்லை வழியாகப் பெண்களோடு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் வந்தது. திரை பிடித்தார்கள். நான் உள்ளே, பஞ்சவர்ணத்துக்குப் பின்னால் நின்றேன். கேமராவைக் கீழே கவிழ்த்தேன். திரையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் மாரியம்மாளின் நாத்தனார் காளியம்மாள். அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். மாரியம்மாளின் கணவர் இவருக்கு அண்ணன்; அந்த வீட்டில் எல்லாம் இவர் சொல்படிதான். இவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் உண்டு.

குளிப்பாட்டி முடித்ததும் பஞ்சவர்ணம் தட்டிலிருந்து சேலையை எடுத்தார். அரக்கு நிறம், மஞ்சள் கரை. உடுத்தும்போது குனிந்து, உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினார்.

“மதினி, அரக்குல மஞ்சக்கர வேணும்னு பொங்கலுக்குக் கேட்டீகள்ல? ஒங்க தம்பி அப்ப வாங்கித்தரல. இப்பத்தான் கெடச்சுச்சு மதினி. இப்பத்தான் கெடச்சுச்சு.”

 என் கேமராவின் சின்னத் திரையில் தரை தெரிந்தது. மஞ்சள் தண்ணீர் ஓடியது. யாருடைய காலோ. அந்தச் சேலையின் முந்தி ஒரு கணம் ஈரத்தரையில் புரண்டு, யாரோ அதை எடுத்துச் செருகினார்கள். சத்தம் முழுவதும் பதிவானது. திரையை விலக்கும் முன்பே மாலைகளைப் போட்டு மூடிவிட்டார்கள். பிறகு மற்றச் சம்பந்திகளின் சேலைகள் மேளத்தோடு வந்தன. அவை மாலைக்கு மேல் விழுந்தன.

கடைக்கு வந்து கார்டைக் கொடுத்தேன். ஃபோல்டரில் போட்டார்கள். மதியம் லிங்க் போய்விட்டது.

சில நாள் கழித்துப் பஞ்சவர்ணம் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான்தான் வெளியே போனேன்.

“நீ எம் பின்னாடிதானத்தா நின்ன?”

“ஆமா.”

“மருமகன் போன் போட்டாரு. ‘மாமா, அம்மாவுக்குக் கோடி போட்டீகளா’ன்னு கேட்டாரு. இந்த மனுசன் போனக் கட்டில்ல வச்சுட்டு மிளகாக் கொல்லைக்குப் போயிட்டாரு. அங்கனயே ஒக்காந்திருக்காரு. சோறு எறங்கல.” மூக்கைச் சிந்திக்கொண்டார். “படத்துல நாங்க வெறுங்கையோட வந்தமாம்ல. கோடி உடுத்துன எடத்த மட்டும் போட்டுக் குடுத்தாப் போதும்த்தா. எம் மகளுக்காகக் கேக்கல.” முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, “பொய் சொல்லக் கூடாது. எம் மகளுக்காகவும்தான் கேக்குறேன்” என்றார்.

உள்ளே போய்த் தேடினேன். ஃபோல்டர் காலி. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. கார்டையாவது பார்ப்போம் என்று போட்டேன். அதில் ஒரு காதுகுத்து இருந்தது. மாமன் மடியில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அழிந்ததை மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்று உண்டு என்று ஒரு பையன் போட்டுப் பார்த்தான். அதுவும் ஏதேதோ கல்யாணங்களின் துண்டுகளைத்தான் எடுத்துத் தந்தது. லிங்கில் போன வீடியோவைத் திறந்து பார்த்தேன். முனியசாமி வெறுங்கையோடு நடக்கிறார், தெளிவாக, நல்ல வெளிச்சத்தில். அடுத்து மேளம். அடுத்து மாலைக் குவியல். இடையில் கத்தரித்த அடையாளமே இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற எடிட்டரை நான் பார்த்ததில்லை.

முதலாளியிடம் சொன்னேன்.

“அழிஞ்சது அழிஞ்சதுதான். சாஃப்ட்வேர் வெட்டிருச்சுன்னு வெளிய சொல்லிறாதீக. நாளைக்கு ஒவ்வொருத்தனும் எங்க சித்தப்பா எங்க, எங்க மச்சான் எங்கன்னு வந்து நிப்பான்.”

“ஒரு பிள்ளையோட கல்யாணம் நின்னுரும் போலருக்கு.”

“குடும்பச் சண்ட. நாம வீடியோக் கட.”

“நான் கண்ணால பாத்தேன். அதையாச்சும் போய்ச் சொல்றேன்.”

“சொல்லுங்க. கட பேர இழுக்காமச் சொல்லுங்க.”

காரியத்துக்குக் கார்த்திக் வந்துவிட்டான். முனியசாமி வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. ‘எங்க அக்காவுக்குக் கோடி போட்டேன்னு சாட்சி வச்சுத்தான் அந்த வாசப்படிய மிதிக்கணும்னா, மிதிக்கலன்னே இருக்கட்டும்’ என்று முனியசாமி சொல்லிவிட்டாராம். ஆகவே நான் தனியாகப் போனேன். சாயல்குடியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கார்த்திக் மரியாதையான பையன். தலையை மழித்திருந்தான். “ஒக்காருங்கக்கா. அம்மா வீடியோ எடுத்தவுகதான? காப்பி கொண்டாங்க” என்றான். பந்தலில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காளியம்மாள் தூணருகில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கார்த்திக்கின் அப்பா நாற்காலியில் இருந்தார்.

நான் சொன்னேன். வழியில் சொல்லிப் பார்த்த வரிசை மறந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பஞ்சவர்ணம் தட்டோடு வந்தது, நான் கேமராவைக் கவிழ்த்தது, கோடி உடுத்தியது, தரை தெரிகிற காட்சியை சாஃப்ட்வேர் வெட்டியது, மூலப் பதிவு அழிந்தது. கடை பெயரையும் சொன்னேன்.

கார்த்திக் கைபேசியை எடுத்து வீடியோவை ஓட்டினான். எத்தனை முறை பார்த்திருப்பானோ, தேடாமலே அந்த இடத்துக்குப் போனான்.

“இந்தா மாமா வர்றாரு. கையப் பாருங்கக்கா.”

“தட்டு ஒங்க அத்தை கையில இருந்துச்சு தம்பி. அவுக ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் எறங்குனாக.”

“இங்கன பாருங்க. பந்தலுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி போகுது, அது இருக்கு. எங்க பெரியப்பா கொட்டாவி விடுறாரு, அது இருக்கு. எங்க அம்மாவுக்குப் போட்ட கோடி மட்டும் எப்புடிக்கா இல்லாமப் போகும்?”

“நாந்தான் கீழ போட்டேன்ல.”

“எதுக்குப் போட்டீக?”

எதுக்குப் போட்டேன். பெற்ற மகனிடம் அந்தப் பந்தலில் அதை எப்படி விளக்குவது? “பொம்பளைகளக் குளிப்பாட்டையில படம் எடுக்கக் கூடாது தம்பி” என்றேன்.

பின்னால் இருந்து ஒரு இளவட்டம் பேசினான். “அக்கா, மிசினுக்கு மாமன் யாரு, அத்தை யாருன்னு தெரியுமா? அது எதுக்கு ஒருத்தர மட்டும் வெட்டுது? மிசினு யாரு பக்கமும் பேசாதுக்கா. மனுசந்தான் பக்கம் பாத்துப் பேசுவான்.”

பலர் தலையை ஆட்டினார்கள். அந்த ஆட்டல் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு வீட்டிலும் உறவு கிடையாது. இனி அவர்களிடம் எனக்கு ஆகவேண்டியதும் ஒன்றும் இல்லை. இருந்தும் அந்தப் பந்தலில் பக்கம் பார்த்துப் பேசுகிறவள் நான்தான்.

காளியம்மாளைப் பார்த்தேன். “அம்மா, நீங்கதான திரையப் பிடிச்சீக. சொல்லுங்க.”

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். “தெரை பிடிச்சவ உள்ள திரும்பிப் பாக்கலாமாத்தா? நான் வெளியதான பாத்து நின்னேன்.”

அது உண்மை. அவர் வெளியேதான் பார்த்து நின்றார். அதுதான் முறை.

“சத்தம் கேட்டிருக்கும்ல?”

“அம்புட்டு ஒப்பாரியில எவ என்ன சொன்னான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

திரைக்குள் இருந்த மற்ற பெண்களும் அங்கேயே இருந்தார்கள். ஒருத்தி டம்ளர் எடுக்கப் போனாள். ஒருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். அவர்கள் அந்த ஊரில் தினமும் காளியம்மாள் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள். நான் பஸ் ஏறிப் போய்விடுகிறவள்.

கடைசியாக ஒன்று இருந்தது. “தம்பி, அந்தச் சேல அரக்கு நெறம். மஞ்சக்கர. பொங்கலுக்கு ஒங்கம்மா கேட்டிருந்த சேலயாம். ஒங்க அத்தை அதச் சொல்லித்தான் அழுதாக.”

கார்த்திக்கின் முகம் மாறியது. அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அவனிடமும் கேட்டிருக்க வேண்டும். கைபேசியை மறுபடி எடுத்து மாலைக் குவியலை இரண்டு விரலால் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். ரோஜாவும் சம்பங்கியும் கட்டம் கட்டமாக உடைந்தன. எங்கேயாவது ஒரு நூலளவு அரக்கு தெரியாதா என்று நானும் எட்டிப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் செல்வியின் கல்யாணம் அவன் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது.

“அரக்குச் சேல நம்ம வீட்லதான்ப்பா எடுத்து உடுத்துனது” என்றார் காளியம்மாள். “மதினிக்குப் பிரியம்னு நாந்தான் எடுத்தாரச் சொன்னேன். ஒங்கய்யாவ வேணாக் கேளு.”

கார்த்திக் அவன் அப்பாவைப் பார்த்தான்.

“பொம்பளைக வெசயம், எனக்கென்னப்பா தெரியும்” என்றார் அவர். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். “காப்பி ஆறுதுக்கா. குடிங்க” என்றான்.

வருடம் திரும்பியதும் அவனுக்கும் காளியம்மாள் மகளுக்கும் கல்யாணம். வீடியோ எங்கள் கடைதான். எங்கள் வேலை அவர்களுக்குப் பிடித்திருந்தது. நான் எடுக்கப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் மறுநாள் கார்டைக் கம்ப்யூட்டரில் போடுகிற வேலை என்னிடம்தான் வந்தது. போட்டேன்.

கல்யாண வீடியோவுக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு, உங்களுக்கும் தெரியும். பெண் அழைப்பு, தாய்மாமன் சீர், தாலி கட்டு என்று தலைப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் அதற்குரிய காட்சியை சாஃப்ட்வேரே கண்டுபிடித்து வைக்கும். தாய்மாமன் சீர் என்று தங்க எழுத்தில் வந்தது. மாமன் வராத கல்யாணத்தில் அதற்கு ஏது காட்சி? ஆனால் இடத்தைக் காலியாக விட அதற்குத் தெரியாது. கடையின் பொதுச் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டது. மாரியூர்க் கடற்கரை, ட்ரோனில் எடுத்தது. ஆளில்லாத மணல், அலை, பின்னால் நாதஸ்வரம்.

“அந்தத் தலைப்பையாவது எடுத்துருங்க” என்றேன் முதலாளியிடம்.

“ஏற்கெனவே லிங்க் போயிருச்சுக்கா. பாத்தவுக கடல் சீன் சூப்பர்னு போட்டிருக்காக. ஒங்களுக்கு மட்டும் என்ன?”

மறுநாளிலிருந்து நான் போகவில்லை. யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை. என் வேலையைத்தான் அது ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததே.

பிள்ளைகளே, கேமராவைக் கவிழ்த்தது தவறு என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நாளைக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான் கவிழ்ப்பேன். நீங்களும் கவிழ்க்க வேண்டும். வெட்டுகிற வேலையை சாஃப்ட்வேரிடம் கொடுங்கள். தலைப்பு, இசை, அப்லோட் எல்லாவற்றையும் கொடுங்கள். அழிக்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். அந்தப் பொத்தானை உங்கள் விரலில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு நாற்காலிக்குப் போய்விடாதீர்கள். இடம் அடைக்கிறது என்பார். ஒரு மனிதன் தன் அக்காவுக்குக் கடைசியாக வாங்கிக்கொடுத்த சேலை கொஞ்சம் இடம் அடைத்தால் என்ன கெட்டுவிடும்?

நீங்கள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் நம்புவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். நாம்தான் அவர்களை இப்படிப் பழக்கினோம். நாம் காட்டியதெல்லாம் நடந்தது, காட்டாததெல்லாம் நடக்கவில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பழக்கினது நம் தொழில்தான்.

செல்விக்குப் பிறகு வேறு ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. பஞ்சவர்ணம் வந்து என்னை அழைத்துவிட்டுப் போனார். சிக்கலுக்குப் போனேன். வீட்டு வாசலிலேயே சின்னப் பந்தல். ஸ்டூடியோக்காரர் யாரும் இல்லை. வீடியோவே வேண்டாம் என்று முனியசாமி சொல்லிவிட்டாராம். அவர் வாசலில் நின்று எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

தாலி கட்டும் நேரம். பழக்க தோஷத்தில் கைபேசியை வெளியே எடுத்து உயர்த்தினேன். முனியசாமி பக்கத்தில் வந்து, கோபம் ஒன்றும் இல்லாமல், அதன் மேல் கையை வைத்தார். கையில் சந்தனம் ஈரமாக இருந்தது.

“வேணாம்த்தா. நீ கண்ணால பாத்துக்க. அது போதும்.”

கைபேசியைப் பையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.